மீன் எண்ணெயும் இருதயமும்

மலையாளக் கடற்கரையிலே மத்தி மீன் திரள் திரளாகக் கரை சேரும் பருவத்தில், பெரிய கொப்பரைகளில் மீனை நீரிலிட்டுக் காய்ச்சி, மேலே மிதந்துவரும் எண்ணெயை வழித்தெடுப்பது ஒரு காலத்தில் பெருந்தொழிலாக விளங்கிற்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாண மீன்துறையை உருவாக்கிய சர் ஃபிரெடரிக் நிக்கல்சன் இத்தொழிலைச் சீர்ப்படுத்த முயன்றார். அவ்வெண்ணெய் தோணிப் பலகைக்குப் பூசப்பட்டது. தோல் பதனிடுவோரும் சோப்புச் செய்வோரும் அதனை வாங்கினர். இன்றோ, மீன் எண்ணெய் பொன்னிறக் குளிகையாக மருந்துக் கடையில் வீற்றிருக்கிறது. இருதயத்தைக் காக்கும் என்று எண்ணிப் பலர் நாள்தோறும் விழுங்குகின்றனர். தோணிக்குப் பூசிய பொருள் இருதயத்திற்கு மருந்தானது எவ்வாறு? அந்த வரலாற்றை அறிந்தால், அதனை எவர், எந்த அளவில் கொள்ளலாம் என்பதும் நமக்கு விளங்கும்.

மருந்துலகில் முதலில் இடம்பெற்றது காட் என்னும் குளிர்கடல் மீனின் ஈரல் எண்ணெயாகும். 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் மருத்துவமனையில் மூட்டு நோயாளர்க்கு அது கொடுக்கப்பட்டு வந்ததை, டாக்டர் தாமஸ் பெர்சிவல் 1782இல் எழுதி வெளியிட்டார். அதன் நாற்றமோ சகிக்க முடியாதது. 1853இல் நார்வே நாட்டுப் பீட்டர் மெல்லர் நீராவியால் எண்ணெய் பிரிக்கும் முறையைக் கண்டபின் ஓரளவு தூய எண்ணெய் கிடைத்தது. குழந்தைகளின் எலும்பை வளைக்கும் ரிக்கெட்ஸ் நோய் இதனால் தீருவதை மருத்துவர் கண்டனர். ஆனால் காரணம் அறிந்திலர். 1922இல் அமெரிக்க அறிஞர் மெக்காலம், எலும்பைக் காப்பது அந்த எண்ணெயிலுள்ள தனியொரு சத்து என்று நிறுவினார். அதுவே வைட்டமின் டி. உடலில் ஒரு குறை இருந்தது. அக்குறையை எண்ணெய் நிரப்பியது. அவ்வெற்றியின் இரகசியம் இவ்வளவே.

நம் நாட்டிலும் இவ்வரலாற்றிற்கு ஓர் அத்தியாயம் உண்டு. 1940இல் ஜெர்மானியப் படைகள் நார்வேயைக் கைப்பற்றவே, அங்கிருந்து காட் ஈரல் எண்ணெய் வரும் வழி அடைபட்டது. அப்பொழுது சென்னை மாகாண மீன்துறையினர் கோழிக்கோட்டில் சுறா மீனின் ஈரலிலிருந்து எண்ணெய் எடுக்கலாயினர். நம் சுறாக்கள் பலவற்றின் ஈரல் எண்ணெயில், காட் எண்ணெயைக் காட்டிலும் வைட்டமின் ஏ மிகுந்திருந்தது. ஆகையால் அதனை அப்படியே கொடுத்துவிடவில்லை. சோதித்து, நிலக்கடலை எண்ணெய் சேர்த்து, உரிய அளவிற்குக் கொணர்ந்தே சீசாக்களில் அடைத்தனர். சத்து மிகுதியும் ஆபத்தே என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

இருதயத்தின் கதை இதற்குப் பிந்தியது. 1970இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் ஓலாஃப் பாங், யோர்ன் டையர்பெர்க் என்னும் இருவர், கிரீன்லாந்தின் மேற்குக் கரையில் வாழும் இனுயிட் மக்களை நாடிச் சென்றனர். சீல் என்னும் கடல்நாயும் திமிங்கிலமும் மீனுமே அம்மக்களின் முக்கிய உணவு. அத்தனை கொழுப்பை உண்டும், 130 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது, டென்மார்க்கு மக்களைவிடக் கொலஸ்ட்ராலும் டிரைகிளிசரைடும் குறைந்தே காணப்பட்டன. கடலுணவில் உள்ள ஒமேகா-3 கொழுப்பே இருதயத்தைக் காக்கிறது என்ற கருத்து உலகெங்கும் பரவிற்று. ஆனால் அவ்விருவரும் ஆராய்ந்தது இரத்தத்தையும் உணவையுமே. அம்மக்களின் இருதயங்களை அவர்கள் சோதிக்கவில்லை. கனடிய மருத்துவர் சிலர் 2014இல் இதனை எடுத்துக் காட்டினர். 2015இல் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சியோ, இனுயிட் மக்களின் மரபணுக்களே அவ்வுணவிற்கு ஏற்ப மாறியுள்ளன என்று கூறிற்று. அவர்களுக்குப் பொருந்தியது அனைவர்க்கும் பொருந்தும் என்பதற்கு உறுதி ஏது?

சோதனைகளின் முடிவுகளும் இரு வகையாயின. 1989இல் வெளியான ஆய்வொன்றில், மாரடைப்பிலிருந்து பிழைத்த 2,033 ஆடவருள் கொழுப்பு மீன் உண்ணும்படி அறிவுரை பெற்றவர்களிடையே, இரண்டாண்டில் மரணம் 29 சதவீதம் குறைந்தது. 2003இல், இருதய வலியுடைய 3,114 ஆடவரிடம் நடத்திய ஆய்வின் முடிவு வெளிவந்தது. மீனுண்ணும் அறிவுரை பெற்றவர்களிடையே, குறிப்பாக மீன் எண்ணெய்க் குளிகை கொண்டவர்களிடையே, இருதய மரணம் குறையாமல் கூடியே காணப்பட்டது! 2018இல் 25,871 அமெரிக்கர்களிடம், நாளொன்றுக்கு ஒரு கிராம் குளிகை கொடுத்துச் செய்த பெருஞ்சோதனையிலும் மாரடைப்பு, பக்கவாதம், இருதய மரணம் ஆகியவற்றின் மொத்தம் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. அதே ஆண்டில், டிரைகிளிசரைடு மிகுந்த 8,179 நோயாளரிடம், தூய்மையாக்கிய இ.பி.ஏ. என்னும் ஒமேகா-3 மருந்தை நாளுக்கு 4 கிராம் கொடுத்தபோது, இருதய விபத்துகள் 25 சதவீதம் குறைந்தன. ஆனால் 2020இல் வேறொரு வகை ஒமேகா-3 மருந்தை அதே அளவில் கொடுத்த சோதனை பயன் காணாது நிறுத்தப்பட்டது. மிகுந்த அளவு கொண்டவர்களிடையே, இருதயத் துடிப்பு ஒழுங்கு தவறும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் கோளாறு கூடுதலாகத் தோன்றியதை இவ்விரு சோதனைகளும் காட்டின.

ஆகவே குளிகை வாங்குவோர் சில செய்திகளை மனத்திற் கொள்ளுதல் நலம். முதலாவது, மீனின் உடலிலிருந்து எடுத்த எண்ணெயும் ஈரலிலிருந்து எடுத்த எண்ணெயும் ஒன்றல்ல. ஈரல் எண்ணெயில் வைட்டமின் ஏ, டி இரண்டும் உண்டு. ஒமேகா-3 வேண்டுமென்று ஈரல் எண்ணெயைப் பெருக்கி அருந்தினால் அச்சத்துகள் உடலில் மிகுந்து தீங்கு செய்யும். கருவுற்ற பெண்கள் இதில் சிறப்பாக எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும். இரண்டாவது, 1,000 மில்லிகிராம் என்று சீசாவில் எழுதியிருப்பது எண்ணெயின் நிறை. அதனுள் இ.பி.ஏ. 180, டி.எச்.ஏ. 120 என 300 மில்லிகிராம் ஒமேகா-3 இருப்பதே பெரும்பாலும் வழக்கம். சீட்டில் படிக்க வேண்டியது இந்தச் சிறிய எண்ணையே. மூன்றாவது, இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து உண்போரும், இருதயத் துடிப்புக் கோளாறு உடையோரும், அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்போரும் மருத்துவரைக் கேளாமல் இதனைத் தொடங்கலாகாது. கெட்ட வாடை வீசும் எண்ணெய் காற்றுப்பட்டுச் சிதைந்தது, அதனை எறிந்துவிடுக.

எல்லாவற்றினும் பெரிய ஆபத்து வேறொன்று. குளிகை இருக்கிறதே என்று நம்பி, இரத்தக் கொதிப்பிற்கும் கொலஸ்ட்ராலுக்கும் மருத்துவர் கொடுத்த மருந்தை நிறுத்திவிடுவோர் உண்டு. புகைபிடித்தலை விடாதோரும் உண்டு. அவர்களை எந்த எண்ணெயும் காவாது. மீனுண்பவர்க்கோ எளிய வழி ஒன்றுண்டு. வாரத்திற்கு இரு முறை மத்தியோ அயிலையோ குழம்பாக உண்பது, பல குளிகைகளைக் காட்டிலும் மலிவும் பாதுகாப்புமாகும்.

கோழிக்கோட்டில் சுறா எண்ணெயைச் சோதித்து அளவுக்குக் கொணர்ந்த அன்றைய ஊழியர்களின் நிதானமே இன்று நமக்கும் வேண்டுவது. எவர்க்கு, எதற்காக, எவ்வளவு என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை கிடைத்த பிறகே சீசாவைத் திறப்போமாக.