தமிழ் பயின்ற மருத்துவர்

நோயின் துன்பத்தை மனிதன் முதலில் தன் தாய்மொழியிலேயே உணர்கிறான். பெங்களூரின் எலெக்ட்ரானிக் சிட்டி போன்ற இடங்களில் குடியேறி வாழும் தமிழர்க்கு இது நன்கு விளங்கும். வயிறு 'குடைகிறது' என்பதற்கும் 'பிசைகிறது' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை வேற்றுமொழி மருத்துவரிடம் எங்ஙனம் விளக்குவது? இவ்விடர்ப்பாட்டை மருத்துவரின் பக்கம் நின்று கண்டு, அதனை நீக்கப் பல்லாண்டு உழைத்தவர் டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன்.

அமெரிக்கக் கிறிஸ்தவ மிஷன் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் பணி தொடங்கிற்று. அதன் மருத்துவராக 1819இல் இலங்கை வந்தவர் ஜான் ஸ்கடர். பிற்காலத்தில் வேலூரில் புகழ்பெற்ற மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடர் அவருடைய பேத்தியாவார். ஸ்கடர் தொடங்கிய பணியைத் தொடர 1847இல் வந்து சேர்ந்தவரே கிறீன். அவர் அடுத்த ஆண்டு மானிப்பாயில் தங்கி, நோயாளருக்கு மருந்தும் மாணவருக்குக் கல்வியும் அளிக்கலானார்.

அக்காலத்து ஏழைக் கிராமத்தார் அம்மை கண்டால் மாரியம்மன் இல்லத்திற்கு எழுந்தருளியதாகக் கருதி வேப்பிலை செருகினர். கண்ணேறுக்கும் பேய்க்கோளுக்கும் மந்திரித்துக் கயிறு கட்டினர். பரம்பரை வைத்தியர் நாடி பார்த்துச் சூரணமும் கஷாயமும் தந்தார். இவற்றை அறியாமை என ஒதுக்குவது எளிது. ஆயினும் பூசாரியும் வைத்தியரும் பேசியது நோயாளிக்குப் புரியும் மொழி. அயல்நாட்டு மருத்துவரிடம் கூரிய கத்தி இருந்தது. அச்சம் தீர்க்கும் சொல் இல்லை.

அச்சொல்லைத் தேடியதே கிறீனின் சிறப்பு. முதலில் அவர் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். அவ்வாறு கற்றவர்களோ அரசாங்க உத்தியோகத்தை நாடி வெளியூர் செல்ல முற்பட்டனர். தமிழில் கற்றவர் தம் ஊரிலேயே தங்குவர் என எண்ணிய அவர், 1860களில் தமிழ்வழி வகுப்பைத் தொடங்கினார். மாணவர் துணையுடன் நூல்களும் உருவாயின. அறுவை மருத்துவத்தைக் கூறும் 'இரண வைத்தியம்' 1867இலும், உடற்கூற்றைக் கூறும் 'மனுஷ அங்காதிபாதம்' 1872இலும், வேதியியல் நூலான 'கெமிஸ்தம்' 1875இலும் வெளிவந்தன. பொருத்தமான சொல்லை முதலில் தமிழில் தேடுவது, கிடையாவிடில் வடமொழியை நாடுவது, அங்கும் இல்லையெனில் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் உருவில் அமைப்பது என்பது அவர் வகுத்த நெறி. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டோர் இன்றும் இவ்வரிசையின் அருமையை உணர்வர்.

அவர் குறையற்றவர் அல்லர். நாட்டு வைத்தியத்தைத் தாழ்வாகவே மதித்தார். மதம் பரப்புதலும் அவர் நோக்கங்களுள் ஒன்று. தமிழர்க்கு மருத்துவ ஊழியர் என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரே அவருடைய கல்லறையில் பொறிக்கப்பட்டுள்ளது. மருந்தை ஏற்றோர் அனைவரும் மதத்தை ஏற்றாரல்லர். அவர் அளித்த தமிழ்ச் சொற்களுக்கோ மதவேறுபாடு இல்லை.

1873இல் தாயகம் திரும்பிய பின்னரும் அவர் தமிழ் நூற்பணியைக் கைவிடவில்லை, 1884இல் காலமானார். யாழ்ப்பாணத்தில் அவர் வளர்த்த தமிழ்வழி மருத்துவக் கல்வி அவருக்குப்பின் நிலைக்கவில்லை. ஆங்கிலம் கற்று ஊரைவிட்டுத் தொலைவு வந்துள்ள நாம் அதன் காரணத்தை அறியாதவரல்லர். எனினும், உயரிய மருத்துவத்தை நாட்டுப்புறத்து எளியவனும் தன் மொழியிலேயே கேட்டறியலாம் என்பதை மானிப்பாய் ஒரு தலைமுறைக் காலம் நடத்திக் காட்டியது.