பட்டமரமும் படச்சான்றும்

பிற மாநிலங்களில் வாழும் நம்மவர் இல்லங்களில், தேக்கடி யானைகளின் வண்ணப்படம் தாங்கிய நாட்காட்டியைக் காண நேர்வதுண்டு. பாலக்காட்டுப் பறம்பிக்குளம் முதல் இடுக்கித் தேக்கடி வரை விரிந்த எல்லைப்புறக் காடுகளை நேரிற் காணும் வாய்ப்பு நம்மிற் பலருக்கு அரிது. அவர்களுக்குப் படமே கண். ஆதலின் அது மெய் சொல்கிறதா என்று கேட்கும் உரிமை நமக்குண்டு.

இக்கேள்வி எழும்போது நினைவுக்கு வருபவர் மா. கிருஷ்ணன். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மைந்தர், 1912இல் பிறந்தவர். 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் 1950 முதல் 1996இல் மறையும்வரை இயற்கையைப் பற்றி எழுதிவந்தார். வெவ்வேறு உறுப்புகளைத் தாமே இணைத்தமைத்த காமிராவுடன் காடுகளிற் சென்று, கருப்பு வெள்ளையிலேயே படமெடுத்தார். தீபகற்ப இந்தியாவின் பெரிய பாலூட்டிகளைப் பற்றிய அவரது ஆய்வு 1975இல் நூலாக வெளிவந்தது. அவர் எழுத்துக்குப் படம் அலங்காரமன்று, சான்று.

படத்தைத் திருத்துவது புதிய வழக்கமன்று. இருட்டறையில் மங்கிய பகுதியைத் தெளிவாக்குவதும், மிகுந்த ஒளியைத் தணிப்பதும் அன்றே உண்டு. கண் கண்டதைத் தாளிற் கொணரும் முயற்சி அது, அதிற் குற்றமில்லை. இல்லாததைச் சேர்ப்பதும் இருப்பதை நீக்குவதும் வேறு. 1982 பிப்ரவரியில் 'நேஷனல் ஜியாக்ரஃபிக்' இதழ், அட்டைக்குப் பொருந்தவேண்டி எகிப்தின் பிரமிடுகளையே கணிப்பொறியால் நெருக்கி வைத்தது, கண்டனம் எழுந்தது. இன்றோ கைப்பேசி ஏந்திய சிறுவனும் இத்தகைய வேலையை ஒரு நொடியில் முடித்துவிடுகிறான்.

இதனால் விளையும் தீங்கென்ன? தேக்கடி ஏரியில் நிற்கும் பட்டமரங்கள் அழகைக் கெடுக்கின்றன என்று ஒருவர் அவற்றைப் படத்திலிருந்து அழித்துவிடுவதாகக் கொள்வோம். பென்னிகுவிக் பெரியாற்றின் குறுக்கே எழுப்பிய அணை 1895இல் நிறைவுற, நீரில் மூழ்கிய காட்டின் எச்சங்கள் அவை. மதுரைச் சீமையின் வயல்களுக்கு வைகை வழியே நீர் வந்ததே, அதற்குக் காடு கொடுத்த விலை அது. மரங்களை அழித்தால் அந்தக் கணக்கும் அழிகிறது. அவ்வாறே, பிடிகள் மட்டும் நிற்கும் கூட்டத்தில் அழகுக்காக ஒரு கொம்பன் யானையைச் சேர்த்தால், 1970களிலும் 1980களிலும் பெரியாற்றுக் காட்டில் தந்தத்திற்காகக் களிறுகள் கொல்லப்பட்டு அருகிப்போன கொடுமை மறைந்துவிடுகிறது.

திருத்தக் கூடாதென்று நாம் சொல்லவில்லை. சேர்த்ததையும் நீக்கியதையும் படத்தின் கீழே சொல்லிவிட்டால், அதனை ஓவியமென ஏற்று மகிழ்வோம். சொல்லாமற் சான்றென நீட்டுவதே பொய்.

வேற்று மாநிலத்திற் பிறந்து வளரும் நம் பிள்ளைகள் அம்மலைகளை முதலிற் காண்பது பெரும்பாலும் படத்தில்தான். தண்ணீருக்கு நடுவே பட்டமரம் ஏன் நிற்கிறது என்று அவர்கள் கேட்கட்டும். சொல்வதற்கு நம்மிடம் வரலாறு இருக்கிறது.