தோண்டுகோல்

விருதுநகர் மாவட்டத்தில் பெண்களின் உழைப்பு என்றதும் தீப்பெட்டியும் பட்டாசும்தான் நினைவுக்கு வருகின்றன. 1923இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த கதையில், பின்னாளில் குச்சி அடுக்கிய பெண்களுக்கும் ஓரிடம் கிடைத்தது. அதே மாவட்டத்தின் மேற்கு விளிம்பில், ஸ்ரீவில்லிபுத்தூர் மலையில் கிழங்கு தோண்டிய பளியர் பெண்களை யாரும் உழைப்பாளிகளாக எண்ணியதில்லை.

1960களின் தொடக்கத்தில் பளியரிடையே வாழ்ந்து ஆய்வுசெய்தார் அமெரிக்க மானிடவியலாளர் பீட்டர் கார்ட்னர். ஒருவர்மேல் ஒருவர் அதிகாரம் செலுத்தாதிருப்பது அவர்களுடைய நெறி, கணவன் மனைவிக்கும் அது பொருந்தும் என்று எழுதினார். இதைப் பழங்குடியினரின் வெள்ளை மனம் என்று மெச்சிவிட்டு நகர்வது நமக்கு எளிது. எனக்கு அதில் மனத்தைவிட வயிறுதான் தெரிகிறது. காட்டுவள்ளி எங்கே இறங்கியிருக்கிறது என்று அறிந்தவள் எவனையும் நம்பிப் பசியாற வேண்டியதில்லை. ஒத்துவராதவனை விட்டு விலகவும் அவளால் முடியும். அவளுடைய சீதனம், சொத்து எல்லாம் கையிலிருந்த தோண்டுகோல்தான்.

1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் காடுகளை அரசின் காப்புக்காடுகளாக்க வழிசெய்தது. 1988இல் இந்த மலை சாம்பல் நிற அணில்கள் சரணாலயமானது. 2000 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், சரணாலயங்களிலிருந்து பட்ட மரத்தையும் புல்லையும்கூட எடுக்கக் கூடாது என்றது. 2021 பிப்ரவரியில் மேகமலையையும் சேர்த்து, சுமார் 1,016 சதுர கிலோமீட்டரில் புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. இன்று செண்பகத்தோப்பு, அய்யனார் கோயில், தாணிப்பாறை என்று பளியர் குடியிருப்புகள் அடிவாரத்தில் இருக்கின்றன. வீட்டை இடித்தால் இழப்பைக் கணக்கெடுக்க ஓர் அதிகாரியாவது வருவார். வீட்டை விட்டுவைத்து வேலையைக் குற்றமாக்கினால் யார் வருவார்? மிச்சமிருப்பது சமவெளியின் தோப்புக் கூலி. அங்கே ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு அதைவிடக் குறைவு.

(தாணிப்பாறை வழியாகத்தான் ஆடி அமாவாசைக்கு ஆயிரக்கணக்கானோர் சதுரகிரி ஏறுகிறார்கள். பக்திக்கு வனத்துறையின் கதவு திறக்கிறது.)

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இதைத் திருத்த வந்தது. தமிழ்நாட்டில் 2008இல் உயர் நீதிமன்றம் இட்ட இடைக்கால உத்தரவால் பட்டா வழங்குவது முடங்கிக் கிடந்தது; 2016இல்தான் உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது. பட்டா கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். நல்லதுதான். ஆனால் பட்டா என்பது நிலத்துக்கு. உழாத பெண்ணுக்கு வேண்டியது அதே சட்டத்தின் இன்னொரு பிரிவு: தேன், கிழங்கு, வேர் போன்ற சிறு வன மகசூலைச் சேகரிக்கவும் விற்கவும் உள்ள உரிமை. வீட்டு மனைக்குப் பட்டா கொடுத்துப் படம் எடுத்துக்கொள்ளலாம். மலைக்குள் போய்வரும் உரிமையைப் படம் எடுக்க முடியாது.

காட்டுயிர் வாழிடத்திலிருந்து மக்களை அப்புறப்படுத்த வேண்டுமானால், முதலில் அவர்களுடைய உரிமைகளை அங்கீகரித்து முடிக்க வேண்டும். பிறகு கிராம சபையின் எழுத்துபூர்வ ஒப்புதல் வேண்டும். அந்தச் சபையில் வந்திருப்பவர்களில் மூன்றில் ஒரு பங்கினராவது பெண்களாக இல்லாவிட்டால், 2012இல் திருத்தப்பட்ட விதிகளின்படி அந்தக் கூட்டம் செல்லாது.