வாளி சுமந்த தோள்கள்

1950ஆம் ஆண்டுகளில் சிங்கப்பூரின் புறநகர்க் கம்பத்து வீடுகள் பலவற்றிற்குக் கழிவுநீர்க் குழாய் எட்டவில்லை. கழிவறையின் அடியில் வைத்த வாளியே வழி. வாளி நிரம்பி வழிந்தால் ஈக்கள் மொய்க்கும். மழைநீரோடு கழிவு கிணற்றில் கலந்தால் வாந்திபேதியும் டைபாய்டுக் காய்ச்சலும் பரவும். அவ்வாளிகளை அகற்றிய தொழிலாளர், காவுதடியில் தோள் நோகச் சுமந்து, சிறுகதவுகள் பல கொண்ட வண்டியில் ஏற்றினர். ஊரின் நலம் காத்த அவர்களைக் கண்டு மூக்கைப் பொத்தி விலகினோரே பலர்.

1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தோன்றியது. அடுக்குமாடி வீடுகளோடு நீர்விசைக் கழிவறையும் பெருகியது. 1987 ஜனவரியில் லோரோங் ஹாலூஸில் இருந்த இறுதி நிலையமும் மூடப்பட, வாளிமுறை ஒழிந்தது. குழாய் பதித்த திட்டங்களைப் போற்றும் வரலாறு, அதற்குமுன் நோயைத் தடுத்து நின்ற அத்தோள்களையும் போற்றுதல் கடன்.