கால் பங்கு ஆசிரியர், கால் பங்கு தோழர்

தமிழ் இலக்கணம் படித்த எவருக்கும் அறுவகை வினாவும் எண்வகை விடையும் மனப்பாடம். பள்ளியில் மதிப்பெண்ணுக்காக அவற்றை வரிசை பிசகாமல் எழுதி, தேர்வறையை விட்டு வெளியே வந்ததும் மறந்துவிடுவது நம் வழக்கம். வினவுதலைப் பற்றிய பாடத்தையே ஒரு வினாவும் எழுப்பாமல் கற்று முடிக்கிற விந்தை நம் வகுப்பறைகளில் மட்டுமே நிகழக்கூடும். ஆண்டாண்டு காலமாகக் கற்றோருக்கு வினாவின் இலக்கணத்தை வகுத்துத் தந்த ஒரு மொழியில், குழந்தையின் வாயிலிருந்து வினா எப்படி நழுவிப் போயிற்று? இதற்கு ஒரு வரலாறு உண்டு. அதைச் சற்றே பின்தொடர்ந்து பார்ப்போம்.

தொடக்கமாக நன்னூலை எடுத்துக்கொள்வோம். பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சீயகங்கன் என்னும் சிற்றரசனின் வேண்டுகோளுக்கு இணங்கிப் பவணந்தி முனிவர் இயற்றிய நூல் அது. எழுத்தும் சொல்லும் பற்றிய இலக்கணத்திற்குள் நுழைவதற்கு முன்பாகவே, அதன் பொதுப்பாயிரம் ஒரு வகுப்பறையை நம் கண்முன் நிறுத்துகிறது. நல்லாசிரியர் யார், ஆசிரியராகத் தகாதவர் யார், மாணாக்கருள் அன்னம் போன்றவர் யார், ஓட்டைக்குடம் போன்றவர் யார் என்றெல்லாம் அது வகுத்துரைக்கிறது. அவ்வுவமைகளைப் பலரும் அறிவர். நாம் இங்கே நினைவுகூர விரும்புவது அவ்வளவாகப் பேசப்படாத ஒரு கணக்கை.

ஆசிரியர் உரைத்ததை ஒரு மாணவன் சிறிதும் சிந்தாமல் முழுமையாக ஏற்றுக்கொண்டாலும், அவனுக்குக் கிடைக்கும் புலமை கால் பங்குதான் என்கிறது நன்னூல். இன்னொரு கால் பங்கு உடன் பயில்வோரோடு பழகிக் கற்பதால் வருவது. எஞ்சிய அரைப் பங்கு, தான் கற்றதைப் பிறருக்குச் செவ்வையாக எடுத்துரைக்கும்போது நிரம்புவது. ஆசிரியரைத் தெய்வத்திற்கு அடுத்த படியில் வைத்த ஒரு மரபு, அவருடைய பங்கைக் காலாகக் குறைத்துத் தோழர்களுக்கும் அதே அளவு கொடுத்திருக்கிறது. நூல் பயிலும் முறையைச் சொல்லுமிடத்திலும் இதே நோக்கைக் காணலாம். வழக்கறிதல், பாடம் போற்றல், கேட்டதை மீண்டும் நினைத்தல், ஆசிரியரை அணுகித் தெளிதல், தக்காரோடு சேர்ந்து பயில்தல், அவர்களை வினாவுதல், அவர்கள் வினவியதற்கு விடையிறுத்தல் என ஏழு கடமைகள் அங்கே கூறப்படுகின்றன. ஏழில் மூன்று சக மாணவர் சார்ந்தவை. மனப்பாடம் அவற்றுள் ஒன்றே ஒன்று.

இனி வினாவுக்கு வருவோம். அறிவு, அறியாமை, ஐயம், கொளல், கொடை, ஏவல் என்னும் ஆறனுள் முதல் இரண்டிற்கும் உரையாசிரியர்கள் வகுப்பறையையே எடுத்துக்காட்டாகக் கொண்டனர். விடை தெரிந்த ஆசிரியர் மாணவனைப் பார்த்து இச்சூத்திரத்திற்குப் பொருள் என்ன என்று கேட்டால் அது அறிவினா. அதே கேள்வியை மாணவன் ஆசிரியரிடம் கேட்டால் அது அறியா வினா. சொற்கள் ஒன்றே, கேட்பவர் மாறியதும் வினாவின் இயல்பே மாறிவிடுகிறது. மூன்றாவதான ஐய வினா இவ்விரண்டினும் நுட்பமானது. தொலைவில் நிற்பது மரக்கட்டையா மனிதனா என்று கேட்பவன் இரண்டு சாத்தியங்களை மனத்தில் நிறுத்தி, ஒவ்வொன்றுக்கும் சான்று தேடுகிறான். 'எனக்கு ஒன்றும் புரியவில்லை' என்பதிலிருந்து 'இதுவா, அதுவா' என்னும் நிலைக்கு ஒரு குழந்தை வந்துவிட்டால், பாதிப் பாடம் முடிந்தது என்றே கொள்ளலாம்.

பிறர் கருத்தை எடுத்துக்கொண்டு மேலே செல்வதற்கும் நன்னூலில் இலக்கணம் உண்டு. எழுவகை மதம் என்று அதற்குப் பெயர். பிறர் சொன்னதற்கு உடன்படுவது, மறுப்பது, முதலில் ஏற்றுக்கொண்டு பின்னர்க் களைவது, தானே ஒன்றை நாட்டி நிறுவுவது, இருவர் மாறுபடும்போது ஆராய்ந்து ஒரு பக்கம் துணிவது, பிறர் நூலில் உள்ள குற்றத்தைக் காட்டுவது, எவரோடும் சாராது தன் கொள்கையில் நிற்பது. இன்று ஒரு குழு விவாதத்தில் பிள்ளைகள் எந்தெந்த வகையில் பேசலாம் என்று பட்டியல் இடச் சொன்னால், இதைவிடச் சிறந்த பட்டியல் ஒன்றை நம்மால் எழுத முடியுமா என்பது ஐயமே.

ஆனால் இங்கேதான் மரபின் ஒரு பிளவையும் காண்கிறோம். எழுவகை மதம் நூல் செய்யும் புலவனுக்காக வகுக்கப்பட்டது. பாடம் கேட்கும் பிள்ளைக்காக அன்று. பிள்ளைக்கு விதிக்கப்பட்டது அச்சம். குளிர்காய்வோன் தீயை அணுகாமலும் அகலாமலும் இருப்பதுபோல ஆசிரியரிடத்து நிற்க வேண்டும் என்பது பாயிரத்தின் அறிவுரை. பாடம் சொல்லத் தகாதவர் பட்டியலில் களவாடுபவனோடும் சோம்பேறியோடும் பிணக்கன், அதாவது மாறுபட்டு வாதிடுபவன், சேர்க்கப்பட்டிருக்கிறான். வினவுபவனுக்கும் பிணங்குபவனுக்கும் நடுவிலுள்ள கோட்டை வரையும் உரிமை ஆசிரியர் ஒருவருக்கே இருந்தது. அஞ்சி நிற்கும் சிறுவன் அக்கோட்டைச் சோதித்துப் பார்க்கத் துணியான் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இதன் விளைவைத் திண்ணைப் பள்ளிகளில் பார்க்கிறோம். அங்கே மணலில் விரலால் எழுதிப் பழகி, எண்சுவடியையும் ஆத்திசூடியையும் நிகண்டையும் பிள்ளைகள் நெட்டுருச் செய்தனர். ஏடுகள் அரிதாக இருந்த காலத்தில் நினைவே நூலகம் என்பதால் அதனை எள்ளி நகையாடுவது முறையன்று. சட்டாம்பிள்ளை என்னும் மூத்த மாணவன் இளையோருக்குப் பாடம் சொன்னான். நன்னூல் கூறிய தோழர் பங்கு இவ்வகையில் உயிரோடிருந்தது. ஆயினும் சட்டாம்பிள்ளை ஒப்புவிக்கக் கேட்டானேயன்றி, உடன் அமர்ந்து ஆராய்ந்தானில்லை.

1789-இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கான காப்பகத்தின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், வழியில் ஒரு நாட்டுப் பள்ளியில் சிறுவர் மணலில் எழுதுவதைக் கண்டார். தம் பள்ளியின் உதவியாசிரியர்கள் அம்முறையை ஏற்கத் தயங்கவே, ஜான் பிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனைக் கொண்டு சிறு பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பித்தார். 1797-இல் இலண்டனில் அவர் வெளியிட்ட சிறு நூலின் வழியே இது 'சென்னை முறை' என்று புகழ் பெற்றது. ஓராசிரியர் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை மேய்க்கலாம் என்னும் சிக்கனம் இங்கிலாந்தைக் கவர்ந்தது. ஒரு பிள்ளை மற்றொரு பிள்ளைக்குச் சொல்லித்தரும் வழக்கம் இவ்வாறு கடல் கடந்து பரவியது. அப்பிள்ளைகள் ஒருவரையொருவர் வினவிக்கொள்ள வேண்டும் என்னும் பகுதி கப்பல் ஏறவேயில்லை.

ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-இல் தொடங்கிவைத்த கல்விக் கணக்கெடுப்பில் பெல்லாரி ஆட்சியர் கேம்பெல் 1823-இல் அனுப்பிய அறிக்கை இவ்விரு முகங்களையும் ஒருங்கே பதிவு செய்தது. மூத்தோர் இளையோருக்குக் கற்பித்துத் தம் அறிவையும் உறுதிப்படுத்திக்கொள்ளும் முறையைப் பாராட்டி, இங்கிலாந்து அதனைப் பின்பற்றியது தகும் என்றார் அவர். அதே மூச்சில், பிள்ளைகள் செய்யுள் மொழியைப் பொருள் அறியாமலே ஒப்பிக்கின்றனர் என்றும் குறைபட்டார். 1826-இல் மன்றோ தொகுத்த கணக்கின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர். அவர்களுள் பெண்பிள்ளைகள் 4,540 பேர் மட்டுமே. உடன் பயில்வோர் என்று நன்னூல் சொன்ன வட்டத்திற்குள் யார் வர முடிந்தது, யார் வாயிலிலேயே நின்றனர் என்பதையும் இவ்வெண்கள் உணர்த்துகின்றன.

பின்னர் 1860களில் மாணவரின் தேர்ச்சியைக் கண்டு பள்ளிக்கு மானியம் வழங்கும் முறை வந்தது. ஆய்வாளர் கேட்பார், பிள்ளை விடை சொல்லும், பள்ளிக்குப் பணம் வரும். அறுவகை வினாவுள் அறிவினாவுக்கு மட்டும் அரசு விலை நிர்ணயித்தது எனலாம். ஏனைய வினாக்களுக்கு நேரம் ஒதுக்கிய ஆசிரியர் நட்டமடைந்தார். கேட்பது பெரியவர், சொல்வது பிள்ளை என்னும் அம்முறையின் நிழல் நம் பொதுத்தேர்வுகள் வரை நீண்டிருக்கிறது.

அறியா வினாவுக்கு என்ன ஆற்றல் உண்டு என்பதற்குத் தமிழ் வரலாற்றிலேயே பெருஞ்சான்று இருக்கிறது. 1880-இல் கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியராக இருந்த உ.வே.சாமிநாதையரிடம், முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியார் அவர் படித்த நூல்களைப் பற்றி விசாரித்தார். அந்தாதிகளும் பிள்ளைத்தமிழ்களும் கோவைகளும் வரிசையாக வந்தன. இவற்றால் என்ன பயன், சிந்தாமணி படித்ததுண்டா என்பது முதலியாரின் அடுத்த கேள்வி. முதலியாருக்கும் அந்நூல் முழுதும் விளங்கியதில்லை, விளங்கிக்கொள்ளவே கேட்டார். இருவரும் சேர்ந்து படித்தனர். தெரியாத இடங்களை ஐயரவர்கள் சைன அன்பர்களின் வீடு தேடிச் சென்று வினவித் தெளிந்தார். 1887-இல் சீவக சிந்தாமணி அச்சேறியது. அதன் பின் சங்க நூல்கள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. வினவுதல், தக்காரோடு பயில்தல், பிறருக்கு எடுத்துரைத்தல் என்னும் நன்னூல் கணக்கு இங்கே முழுமை பெற்றது. ஐயரவர்களுக்கு அப்போது வயது இருபத்தைந்து. அந்த வாய்ப்பு பத்து வயதுப் பிள்ளைக்கு ஏன் கூடாது?

2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007-08-இல் மாநில அரசின் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்த செயல்வழிக் கற்றல், பிள்ளைகளை ஆசிரியர் துணையோடு கற்போர், சக மாணவர் துணையோடு கற்போர், தாமே கற்போர் எனக் குழுக்களாக அமர்த்தியது. அதை வெளிநாட்டுச் சரக்கு என்று பழித்தோர் பாயிரத்தை ஒருமுறை புரட்டியிருக்கலாம். எனினும் பிள்ளைகளைச் சேர்த்து அமர்த்தினால் மட்டும் வினா பிறந்துவிடாது. அதற்கு இலக்கணம் கற்பிக்க வேண்டும்.

அந்த இலக்கணம் நம் கையிலேயே இருக்கிறது. ஒரு பாடம் முடிந்ததும் விடை தெரிந்த கேள்வி ஒன்றையும், விடை தெரியாத கேள்வி ஒன்றையும், 'இதுவா அதுவா' என்னும் ஐயம் ஒன்றையும் பிள்ளைகளே எழுதட்டும். தோழன் சொன்னதைத் தன் சொல்லில் திருப்பிச் சொன்ன பின்னரே அதற்கு உடன்படவோ மறுக்கவோ தொடங்கட்டும். உரையாசிரியர்கள் பிறர் கொள்கையை முதலில் எடுத்துக் கூறிவிட்டே மறுத்தனர். அவ்வொழுக்கம் சிறுவர்க்கும் கைவரும். பிணக்கன் என்று நாம் ஒதுக்கும் சிறுவனிடம் 'யார் சொன்னதை மறுக்கிறாய், ஏன்?' என்று மட்டும் கேட்போம். காரணம் சொல்லத் தொடங்கிய கணமே அவன் பிணக்கன் அல்லன். எழுவகை மதத்துள் இரண்டாவதை அவன் கையாளுகிறான்.

வினாவின் வகைகளை மனப்பாடம் செய்வித்த தலைமுறையாக நாம் இருந்தது போதும். அவ்வகைகளைப் பிள்ளைகளின் வாயில் கேட்கும் தலைமுறையாகவும் நாம் இருக்க முடியும். நன்னூல் ஆசிரியருக்கு ஒதுக்கியது கால் பங்கு. மற்ற முக்காலையும் பிள்ளைகளிடம் திருப்பித் தருவது நம் கடன்.