மூன்றாவது விளக்கு

மலருக்கு ஏதாவது எழுதுங்கள் என்றதும் எனக்கு நினைவுக்கு வந்தது பிரேக் விளக்குதான். சிரிக்காதீர்கள், நண்பர்களே! முன்னால் போகிற வண்டி பின்னால் வருகிறவனிடம் ஒளியால் பேசுகிற பேச்சு அது.

ஒளியில் பேசும் வித்தை பழசு. 1880-இல் வாஷிங்டனில் கிரஹாம் பெல்லும் உதவியாளர் டெயின்டரும், குரலுக்கு அதிரும் கண்ணாடியில் சூரிய ஒளியைத் தெறிக்கவைத்து, 213 மீட்டர் தள்ளி செலினியத்தில் பிடித்துக் கேட்டார்கள். டெலிபோனைவிட இதுவே பெரிசு என்பது பெல்லின் எண்ணம். ஆனால் மேகம் வந்தால் பேச்சு போச்சு!

வண்டிக்கு வருவோம். 1974-இல் சான்பிரான்சிஸ்கோவில் ஜான் வோவோட்ஸ்கி என்ற உளவியலாளரின் சோதனை வெளிவந்தது. 343 டாக்சிகளின் பின்புறம் கூடுதலாக ஓர் எச்சரிக்கை விளக்கு. 160 டாக்சிகள் பழையபடியே. விளக்கு மாட்டியவற்றைப் பின்னாலிருந்து இடித்தது 60 சதவீதம் குறைவு! அமெரிக்க அரசு 1986 மாடல் கார்களிலிருந்து மூன்றாவது பிரேக் விளக்கைக் கட்டாயமாக்கியது. எல்லா வண்டிக்கும் வந்தபின் 1998-இல் கணக்குப் பார்த்தால், நிலைத்த பலன் 4 சதவீதம் சொச்சம். கண்ணுக்குப் பழகிப்போச்சு என்பேன் நான். அந்த நாலும் உயிர்தானே, அது வேறு விஷயம்.

கண் பழகிவிடும், கருவி பழகாது. அங்கேதான் எல்.இ.டி. வருகிறது. இழை பல்பு முழுசாய் எரிய ஏறக்குறைய 0.2 விநாடி, 100 கி.மீ. வேகத்தில் அதற்குள் வண்டி ஐந்தரை மீட்டர் ஓடிவிடும். எல்.இ.டி. சட்டென்று எரியும். விநாடிக்கு லட்சம் தடவை அணைந்து எரிந்தாலும் நமக்குத் தெரியாது, போட்டோடையோடுக்குத் தெரியும். 1999-இல் ஹாங்காங் பல்கலைக்கழகத்தின் கிரந்தம் பாங் குழுவினர் சாலை சிக்னல் விளக்கிலேயே ஒலியை ஏற்றி அனுப்பினார்கள். 2011-இல் இதற்கு ஐ.இ.இ.இ. 802.15.7 என்று தரமே வந்தது. ஜப்பானில் எல்.இ.டி. அனுப்ப, கேமரா வாங்க, ஓடும் வண்டிகளிலேயே சோதித்தார்கள். ‘நிற்கிறேன்’ என்பதோடு ‘எவ்வளவு அழுத்தி நிற்கிறேன்’ என்பதையும் விளக்கு சொல்லலாம். ஓட்டுநரின் கால் நகருமுன் பின்வண்டியின் பிரேக்குக்கே சேதி போகலாம்.

ரேடியோ போதாதா என்பீர்கள். நடுவில் லாரி வந்தால் ஒளி நின்றுவிடும், ரேடியோ போகும், வாஸ்தவம். ஆனால் நெரிசலில் பத்து வண்டி ரேடியோவில் கத்தினால் எது நம் முன்னால் போகிறது என்று பிரிப்பதே பாடு. ஒளியோ எதிரே தெரிகிறவனின் குரல் மட்டும். இரண்டும் சேர்ந்திருக்க வேண்டும் என்பதே என் கட்சி.

ப்ராஜெக்ட் தேடும் தம்பி தங்கைகளே, லேபுக்குள் இது சுலபமாக வேலை செய்யும். நடுமத்தியான வெயிலில் வைத்துப் பாருங்கள். பெல்லுக்கு மேகம் எதிரி, உங்களுக்குச் சூரியன்!