திடல் யாருடையது? கெடா தோட்டப் பதின்ம வயதினரிடையே பகடிவதையும் உடற்பயிற்சியும்

1. பொருள்

பகடிவதையால் ஒடுங்கிப்போன பிள்ளையிடம், "போய் விளையாடு, மனசு சரியாகும்" என்று சொல்லாத வீடு குறைவு. அந்த அறிவுரையில் உண்மை இருக்கிறது. ஆனால் பிள்ளை எந்தத் திடலுக்குப் போவது, அங்கே யார் நிற்பார்கள் என்பதை அது யோசிப்பதில்லை. சுங்கை பட்டாணி, பீடோங், லூனாஸ், கூலிம் வட்டாரத்துத் தோட்டப் பின்னணிப் பிள்ளைகளை முன்வைத்து அதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவர்களில் பலர் யார் வீட்டுப் பிள்ளை என்று எல்லாருக்கும் தெரிந்த சிறு தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்துவிட்டு, முகந்தெரியாத பட்டணத்து இடைநிலைப்பள்ளிக்குள் நுழைபவர்கள். மலாய்மொழித் தேர்ச்சி போதாதவர்கள் புகுமுக வகுப்பில் ஓராண்டு இருந்து படிவம் ஒன்றுக்கு வருவது நெடுநாள் வழக்கம். உச்சரிப்பு, நிறம், ஓராண்டு கூடிய வயது எல்லாமே கேலிக்குப் பிடி கொடுப்பவை.

2. சான்றுகள்

2022ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பதின்ம வயதினரில் 26.9 விழுக்காட்டினரிடம் மனச்சோர்வு அறிகுறிகள் இருந்தன. ஒரு வகுப்பில் நால்வருக்கு ஒருவர்.

உடற்பயிற்சிக்கும் பகடிவதைக்கும் உள்ள தொடர்பை நேராகத் தொட்ட ஆய்வு அமெரிக்காவிலிருந்து வந்தது. வெர்மாண்ட் பல்கலைக்கழகத்தின் ஜெரமி சிபோல்டும் குழுவினரும் 2013ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பங்கேற்ற 13,583 உயர்நிலைப்பள்ளி மாணவரின் பதில்களை ஆராய்ந்து 2015இல் வெளியிட்டனர். பகடிவதைக்கு ஆளானவர்களில், வாரம் நான்கு நாளோ அதற்கு மேலோ உடற்பயிற்சி செய்தவர்களிடம் தற்கொலை எண்ணமும் முயற்சியும் சுமார் 23 விழுக்காடு குறைவாக இருந்தன.

இந்த எண்ணை நிதானத்தோடு கையாள வேண்டும். அது ஒரே நேரத்தில் எடுத்த கணக்கு. ஓடியதால் மனம் தேறியதா, மனம் சற்றுத் தேறியவர்களால்தான் ஓட முடிந்ததா என்பதை அது பிரித்துக் காட்டாது. இக்குறையை ஓரளவு ஈடுசெய்வது 2023இல் வெளிவந்த ஹாங்காங் ஆய்வாளர்களின் தொகுப்பு. 21 ஆய்வுகள், 2,441 சிறுவர்களும் பதின்ம வயதினரும். உடற்பயிற்சித் திட்டங்களில் சேர்ந்தவர்களின் மனச்சோர்வு அறிகுறிகள் தணிந்தன; 13 வயதைத் தாண்டியவர்களிடம் பலன் கூடுதலாகத் தெரிந்தது. ஆகவே பயிற்சி உதவுகிறது என்றே கொள்கிறேன். ஆனால் அது ஆலோசகருக்கு மாற்று ஆகாது. சாகும் எண்ணம் தலைகாட்டும் பிள்ளைக்கு முதலில் வேண்டியது ஒரு பெரியவரின் துணையும், 15999 தாலியான் காசே போன்ற தொலைபேசி உதவியும்தான்.

3. பள்ளித் திடல்

நம் பள்ளிகளில் உடற்கல்வி நேரமே பலருக்கு அவமான நேரம். 'செகாக்' என்னும் உடல்தகுதிச் சோதனையில் மாணவர்கள் பலகையில் ஏறி இறங்குகிறார்கள், தண்டால் எடுக்கிறார்கள், உட்கார்ந்து கையை நீட்டுகிறார்கள். உயரமும் எடையும் அளந்து உடல் நிறைக் குறியீட்டெண்ணும் குறிக்கப்படுகிறது. சோதனையின் நோக்கம் நல்லது. ஆனால் வரிசையில் நிற்பவர்கள் காதுபட எடையை உரக்கப் படித்தால், அன்று மாலைக்குள் அது பட்டப்பெயராகிவிடும். காற்பந்துக்கு ஆள் பிரிக்கும்போது கடைசிவரை அழைக்கப்படாமல் நிற்கும் பையனுக்கும் பயிற்சியால் மனம் தேறாது. சீண்டுபவன் ஆளும் இடத்தில் ஓட்டமும் ஒரு தண்டனையே.

'ஒரு மாணவர் ஒரு விளையாட்டு' கொள்கை 2011இலேயே வந்தது. ஆனால் பிற்பகல் புறப்பாடத்துக்குத் தங்கினால் வீட்டுக்குப் போகும் பள்ளி வேன் போய்விடும். தோட்டத்துப் பிள்ளைக்கு வேன்தான் அட்டவணை.

4. இழந்த திடல்

ரப்பர் தோட்டத்தில் கோவிலும் தமிழ்ப்பள்ளியும் கள்ளுக்கடையும் இருந்ததுபோல் பந்துத் திடலும் இருந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, செம்பனைக்கு மாறின, வீட்டுமனைகளாயின. மக்கள் மலிவுவிலை அடுக்கு வீடுகளுக்கு வந்தபோது திடல் கூட வரவில்லை.

ஒடுங்கியவர்கள் சேர்ந்து பயிற்சி செய்து நிமிர்ந்ததற்கு இந்த மண்ணில் ஒரு முன்னோடி உண்டு. இரண்டாம் உலகப்போருக்குப் பின் பீடோங் அருகே ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமியின் தலைமையில் தொண்டர் படை எழுந்தது. கள்ளை எதிர்த்த அந்த இளைஞர்கள் அணிவகுத்துப் பயிற்சி செய்தார்கள். 1947இல் காவல்துறை அப்படையை ஒடுக்கியது. மனநலம் என்ற சொல் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. கங்காணிக்கும் துரைக்கும் முன் குனிந்தே பழகிய முதுகுகள் சேர்ந்து நிமிர்ந்தன. தசையின் வேலையைவிட, பக்கத்தில் அடியெடுத்து வைத்தவனின் துணைதான் அங்கே பெரிது என்று நினைக்கிறேன்.

5. செய்யக்கூடியது

அத்தகைய துணையை இன்று தரக்கூடியது, மாரியம்மன் கோவில் வளாகத்தில் மாலை ஐந்தரைக்கு ஒரு சிலம்ப வகுப்பு. தொடக்கத்தில் வாரம் மூன்று நாள் போதும். சிலம்பத்தில் ஆள் பிரிக்கும் வேலை இல்லை. பருமனான பிள்ளையும் காலடி வரிசை கற்கலாம், பெண்பிள்ளைகளும் சேரலாம். சேர்ந்த முதல் மாதம் போட்டி, பதக்கம் என்ற பேச்சே வேண்டாம். ஆசான் ஒருவர் பிள்ளையின் பெயரைச் சரியாகச் சொல்லிக் கூப்பிட வேண்டும். இரண்டு நாள் வராவிட்டால் வீட்டுக்கு நடந்துபோய் விசாரிக்க வேண்டும். பள்ளியில் எடையைத் திரைக்குப் பின் அளக்கலாம். அணிகளை ஆசிரியரே பிரிக்கலாம். பிற்பகலில் தங்கும் பிள்ளைகளுக்காக இரண்டாவது வேன் ஒன்றுக்குப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் பணம் ஒதுக்கலாம்.